தோத்துப்போனவனுக்கு ஐக்கியம் எதுக்கு, வீட்டுலயே ஜெபிச்சா போதாதா?

தம்பி, நீங்க எழுதினதை மூணு தடவை படிச்சுட்டுத்தான் இதை எழுத உக்கார்றேன். வயசு 34, தோட்டத்துப் பக்கம் சின்ன டவுன், கைபேசி ரிப்பேர் கடை வச்சு நொடிச்சுப் போச்சு, பேங்க் லோனும் தெரிஞ்சவங்க கிட்ட வாங்கினதும் கழுத்தை நெரிக்குது, ஒரு காலத்துல சபையில வாலிபர் ஐக்கியத்துக்கே லீடரா இருந்தவரு இப்ப எட்டு மாசமா அந்தப் பக்கமே போகல. "ஐக்கியம் ஐக்கியம்னு பெருசா சொல்றாங்களே, அது ஜெயிச்சவன் சாட்சி சொல்றதுக்குத்தானே, தோத்தவனுக்கு அதுல என்ன இருக்கு, வீட்டுலயே பைபிள் படிச்சு ஜெபிச்சா போதாதா"ன்னு கேட்டிருக்கீங்க. கடைசியில போறபோக்குல ஒரு வரி, "அப்படியே போனாலும் உள்ள போய் எங்க உக்கார்றது"ன்னு. எனக்கென்னமோ உங்க கேள்வியே அந்தக் கடைசி வரிதான்னு படுது. இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அந்த ஜனங்க முன்னாடி போய் நிக்கலாமா, அதானே?

நான் பாஸ்டர் இல்ல. மலேசியாவுல பேராக் பக்கம் ஒரு சின்ன டவுன், மெதடிஸ்ட் தமிழ் சபை, உள்ளூர் பிரசங்கியா ஞாயித்துக்கிழமை அப்பப்ப பேசுவேன், 20 வருஷத்துக்கு மேல வியாழக்கிழமை வீட்டுக் கூட்டம் நடத்திக்கிட்டு வர்றேன். அதுக்கு முன்னாடி தோட்டத்துல கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. மனநல ஆலோசனை எதுவும் முறையா படிச்சவன் இல்ல, அதனால கீழ சொல்றதுல வசனம், சரித்திரம் சம்பந்தப்பட்டது படிச்சுத் தெரிஞ்சது, மத்தது எங்க ஊர்ல கண்ணால பார்த்தது, அந்த ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்காதீங்க.

என் கதையைச் சொல்லாம உங்களுக்குப் பதில் சொல்றது நியாயமில்ல. 1998ல நாங்க இருந்த தோட்டத்தை வீடு கட்டறவங்களுக்கு வித்துட்டாங்க, லயத்து வரிசை வீட்டுல இருந்தவங்க எல்லாம் டவுன் ஃபிளாட்டுக்கு வந்துட்டோம். கைக்கு வந்த காசைப் போட்டு ஒரு பழைய லோரி வாங்கினேன், செம்பனைக் குலை ஏத்தி மில்லுக்கு ஓட்டலாம்னு. முதல் வருஷம் ஓடுச்சு. ரெண்டாம் வருஷம் எஞ்சின் போச்சு, பின்னாடியே காண்ட்ராக்டும் போச்சு. அதோட நின்னிருந்தா வியாபாரத்துல நட்டம், அவ்வளவுதான்னு போயிருக்கும். ஆனா நான் அப்ப கூட்டு, அதாவது சீட்டு, பிடிச்சுக்கிட்டு இருந்தேன், 15 பேரு, ஆளுக்கு மாசம் 200 வெள்ளி (ரிங்கிட்), நான்தான் தலை. கூட்டு பிடிக்கறதே 1971லேர்ந்து இந்த நாட்டுல சட்டப்படி தப்பு, அந்தத் தடைச் சட்டத்தோட பேர்லயே நம்ம 'கூட்டு'ங்கற வார்த்தைதான் இருக்கு, இருந்தும் தோட்டத்துல பிடிக்காதவங்க யாரு சொல்லுங்க. எஞ்சினுக்குன்னு ரெண்டு மாசக் கூட்டுக் காசை எடுத்துட்டேன், 6,000 வெள்ளி. அடுத்த மாசம் போட்டுடலாம்னு எடுத்தது, போட முடியல. அந்த 15 பேர்ல 11 பேரு எங்க சபைக்காரங்க. ஒரு அக்கா மக கல்யாணத்துக்குன்னு அந்த மாசம் எடுக்க வேண்டிய காசு அதுல இருந்துச்சு. உங்களுக்குக் கடை போச்சு, நான் பண்ணினதுக்கு அதை விட மோசமான பேரு, புரியுதா.

ஏழு மாசம் சபைக்குப் போகல. ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள மோட்டாரை எடுத்துக்கிட்டு ஆத்துப் பக்கம் போயிடுவேன், வீட்டுல இருந்தா யாராச்சும் வந்து கூப்பிடுவாங்களேன்னு பயம். எங்க பழைய தோட்டத்துல வேலையாளுங்களை மேற்பார்வை பார்த்த மண்டோர் ஒருத்தர், கூட்டுல அவரும் ஒரு ஆளு, என்னால அவருக்கும் காசு நின்னு போச்சு. வியாழக்கிழமை ராத்திரி கூட்டம் முடிஞ்சதும் சைக்கிள்ல வருவாரு. கேட்டுல ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டுவாரு, உள்ள மீஹூன், ரெண்டு கரிபாப், அன்னைக்கு எந்த வீட்டுல என்ன செஞ்சாங்களோ அது. "உன் பங்கு"ம்பாரு. போயிடுவாரு. உள்ள வரல, வசனம் சொல்லல, காசைப் பத்திப் பேசவே இல்ல. முதல் வாரம் நான் அதை எடுக்கவும் இல்ல, காலையில பார்த்தா எறும்பு மொய்ச்சுக் கிடந்துச்சு. அடுத்த வாரமும் மாட்டினாரு.

அந்தப் 'பங்கு'ங்கற வார்த்தை எவ்வளவு சரியான வார்த்தைன்னு பல வருஷம் கழிச்சு பிரசங்கி பயிற்சிக்குப் படிக்கும்போதுதான் எனக்குப் புரிஞ்சுச்சு. புதிய ஏற்பாட்டுல நாம ஐக்கியம்னு சொல்றோமே, அதுக்கு கிரேக்க மூலத்துல கொய்னோனியா. ஒண்ணுல பங்கு வச்சிருக்கறதுன்னுதான் அதுக்கு அர்த்தம், சேர்ந்து பாட்டு பாடறதுன்னு இல்ல. அதே வேர்லேர்ந்து வர்ற வார்த்தையை லூக்கா 5:10ல மீன்பிடிக்கறவங்களுக்குப் போட்டிருக்கு, யாக்கோபும் யோவானும் சீமோனுக்கு, அதாவது பேதுருவுக்கு, யாருன்னா நம்ம தமிழ் பைபிள்ல "கூட்டாளிகள்". மலேசியாவுல நாம பிரெண்டுக்கே கூட்டாளின்னுதான் சொல்றோம், அதனால இந்த வசனம் நமக்கு ஒரு படி கூடவே ஒட்டுது. அங்க அது தொழில் கூட்டாளி, படகு, வலை, கடன், லாபம், நட்டம் எல்லாத்துலயும் பங்காளி. இப்ப யோவான் 21க்கு வாங்க. பேதுரு மூணு தடவை இயேசுவைத் தெரியவே தெரியாதுன்னு சொல்லி அசிங்கப்பட்டு நிக்கறாரு, அதுக்கப்புறம் ஒரு நாள் "மீன்பிடிக்கப்போகிறேன்" அப்படிங்கறாரு. ஊழியமும் வேணாம் ஒண்ணும் வேணாம், பழைய பொழப்புக்கே போறேன்னு சலிச்சுக்கிட்டு சொன்னதுன்னு சில பேரு பிரசங்கம் பண்றாங்க. அது உறுதியில்ல, வயித்துப் பாட்டுக்குப் போயிருக்கலாம், பொழுது போகாமலும் போயிருக்கலாம், வசனம் காரணம் சொல்லல. ஆனா கூட இருந்த ஆறு பேரு என்ன சொன்னாங்கன்னு வசனத்துல அப்படியே இருக்கு, "நாங்களும் உம்முடனேகூட வருகிறோம்". அந்த ஆறு பேர்ல செபெதேயு பையன்க யாக்கோபும் யோவானும் உண்டு, அதே பழைய கூட்டாளிங்க. யாரும் உக்கார வச்சு விசாரிக்கல. படகுல ஏறினாங்க. ராத்திரி பூரா ஒண்ணும் கிடைக்கல, ஒரு மீன் கூட இல்ல, அந்த வெறும் படகுலயும் ஏழு பேரு இருந்தாங்க. தோத்தவனுக்கு ஐக்கியத்துல என்ன இருக்குன்னு கேட்டீங்களே, எனக்குத் தெரிஞ்சு இதுதான் இருக்கு. வலை காலியா வர்ற ராத்திரியில படகுல இன்னும் நாலு பேரு.

அதே அதிகாரத்துல இன்னொண்ணு. பேதுரு மறுதலிச்சப்ப குளிர்காஞ்சுக்கிட்டு நின்ன தீ, யோவான் 18:18, அது கரிநெருப்பு. கரையில இயேசு மீன் சுட்டு வச்சிருந்த தீயும் கரிநெருப்பு, 21:9. மூல மொழியில அந்த வார்த்தை புதிய ஏற்பாட்டுலயே இந்த ரெண்டே எடத்துலதான் வருது, அது உறுதி. பேதுருவுக்குப் பழைய நெருப்பை ஞாபகப்படுத்தத்தான் யோவான் வேணும்னே இப்படி எழுதினாரான்னு கேட்டா, நான் ஆமான்னு நம்பறேன், நிரூபிக்க முடியாது. கவனிக்க வேண்டியது என்னன்னா, "என்னை நேசிக்கிறியா"ன்னு கேட்டது சாப்பிட்டு முடிச்சப்புறம். முதல்ல சாப்பாடு. நம்ம சபைகள்ல இந்த வரிசை தலைகீழா நடக்கறதாலதான் பாதி பேரு வெளியிலேயே நின்னுடறாங்க.

நீங்க மெதடிஸ்டா என்னன்னு எழுதல, எந்த சபையா இருந்தாலும் பரவால்ல, மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி கதையில ஒரு பகுதி உங்களுக்காகவே இருக்கற மாதிரி இருக்கும். குதிரையில ஊர் ஊராப் போய் பிரசங்கம் பண்ணின வெஸ்லியைத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி மனுஷன் ஒழுங்கா தோத்தவரு. 1736ல அமெரிக்காவுல ஜார்ஜியாவுக்கு மிஷனரியா போனாரு. அங்க ஒரு பொண்ணு மேல மனசு, சொல்லவும் முடியாம விடவும் முடியாம இழுத்தடிச்சாரு, அந்தப் பொண்ணு வேற ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கிச்சு, அதுக்கப்புறம் இவரு அந்தப் பொண்ணுக்குத் திருவிருந்து குடுக்க மாட்டேன்னு சொல்லி, புருஷன்காரன் கேஸ் போட்டு, ஊரே ரெண்டுபட்டு, 1737 டிசம்பர்ல ராத்திரியோட ராத்திரியா கிளம்பி வந்துட்டாரு. 1738 பிப்ரவரியில இங்கிலாந்து வந்து இறங்கினப்ப வயசு 34. உங்க வயசுதான். எனக்கே விசுவாசம் இல்ல, இனிமே பிரசங்கம் பண்றதை விட்டுடவான்னு பீட்டர் போலர்னு மொரேவியன் சபைச் சகோதரர் ஒருத்தர் கிட்ட கேட்டாரு, அவரு விட்டுடாதீங்கன்னாரு. மே முதல் தேதி லண்டன்ல கொஞ்சம் பேரு சேர்ந்து ஒரு சின்னக் கூட்டம் ஆரம்பிச்சாங்க, வாராவாரம் கூடி ஒருத்தருக்கொருத்தர் உள்ளதைச் சொல்றதுன்னு. மே 24ஆம் தேதி சாயங்காலம் ஆல்டர்ஸ்கேட் தெருவுல ஒரு கூட்டத்துக்குப் போனதுதான் அவரு வாழ்க்கையையே மாத்துச்சுன்னு எல்லா மெதடிஸ்ட் பிள்ளைக்கும் தெரியும், அங்க யாரோ ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதின முன்னுரையை வாசிச்சுக்கிட்டு இருந்தாங்க, இவருக்கு நெஞ்சு சூடாச்சு. அந்தக் கூட்டத்துக்குத் துளியும் இஷ்டமில்லாமத்தான் போனேன்னு அவரே டைரியில எழுதி வச்சிருக்காரு, அதைத்தான் யாரும் சொல்றதில்ல. இஷ்டம் வந்தப்புறம் போகலாம்னு காத்திருக்கற எல்லாருக்கும் நான் அதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

நாலு வருஷம் கழிச்சு, 1742ல, பிரிஸ்டல்ல கூட்டம் கூடற கட்டடத்துக்கு வாங்கின கடனை எப்படி அடைக்கறதுன்னு பேச்சு வந்துச்சு. ஃபாய்னு ஒரு கப்பல் கேப்டன், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி போடலாம்னாரு. ஏழைங்க எங்க போவாங்கன்னு கேட்டதுக்கு, அதுல ரொம்ப ஏழையா இருக்கற 11 பேரை என் கிட்ட விடுங்க, நானே வீடு வீடா போய் வாங்கறேன், குடுக்க முடியாதவங்க பங்கை நானே போட்டுடறேன்னாரு. மத்தவங்களும் அதே மாதிரி ஆளுக்குக் கொஞ்சம் பேரை எடுத்துக்கிட்டாங்க. காசு வாங்கப் போனவங்கதான் ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் என்ன நடக்குதுன்னு பார்த்தாங்க, யாரு குடிக்கறான், யாரு வீட்டுல சண்டை, யாரு விழுந்து கிடக்கறான்னு. அதுலேர்ந்து வந்ததுதான் பன்னிரண்டு பேரு சுமாருக்கு ஒரு லீடர்னு இருந்த மெதடிஸ்ட் கிளாஸ் கூட்டம், இன்னைக்கு செல் குரூப்னு சொல்றோமே அதுக்குத் தாத்தா மாதிரி. நம்ம ஆளுங்களுக்கு இது ஒண்ணும் அந்நியமில்ல, 1960ல நம்ம இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சு, துண்டு போட்டு விக்கற தோட்டத்தை நாமளே வாங்கலாம்னு பால்மரம் வெட்டறவங்க கிட்ட பத்து பத்து வெள்ளியா சேர்த்தாங்க, எங்க அப்பாவும் போட்டவரு. கொஞ்சக் காசுக்காக வீட்டு வாசப்படி ஏறினாத்தான் அந்த வீட்டு நெலவரம் தெரியும். உங்க வாசல்ல எட்டு மாசமா யாரும் ஏறலன்னா அது உங்க தோல்வி மட்டும் இல்ல தம்பி, அந்த சபையில பென்னி வாங்கப் போற ஆள் இல்லன்னு அர்த்தம். அதை உங்க சபை லீடர்ங்க படிச்சாலும் படிக்கட்டும்.

சரி, வீட்டுலயே ஜெபிச்சா போதாதான்னு கேட்டீங்க. வீட்டு ஜெபத்தை நான் கொறைச்சு சொல்ல மாட்டேன், ஆண்டவர் உங்க ஹாலுக்கு வர மாட்டாருன்னு எந்த வசனமும் இல்ல. ஆனா தனியா ஜெபிக்கும்போது ஒரு தந்திரம் பண்ணுவோம், நான் பண்ணினேன். "ஆண்டவரே, கஷ்டமா இருக்கு, உமக்கே தெரியும்"னு சொல்லிட்டுப் போயிடுவேன். அவருக்குத் தெரியும்ங்கறதாலயே நான் அந்த 6,000ங்கற நம்பரை வாயால சொன்னதே கிடையாது. யாக்கோபு 5:16 "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" அப்படிங்குது, "சொஸ்தமடையும்படிக்கு"ன்னு காரணமும் சொல்லுது. மன்னிப்புக்கு ஆண்டவர் கிட்ட போகணும், சொஸ்தத்துக்கு ஒரு மனுஷன் காது வேணும் போல. இது என் வியாக்கியானம், வேதபண்டிதர்ங்க ஒத்துக்காம போகலாம், ஏன்னா அந்த இடத்துல சரீர வியாதியைப் பத்தியும் பேச்சு இருக்கு. குடியை விட நெனைக்கறவங்க கூடற ஏ.ஏ. கூட்டம் ஆரம்பிச்ச கதையும் இப்படித்தான். 1935ல அமெரிக்காவுல ஆக்ரன்ங்கற ஊர்ல, வியாபார விஷயமா வந்து தோத்துப்போன ஒருத்தர், ஓட்டல்ல தனியா நிக்கறாரு, பக்கத்துல பார், மறுபடி குடிச்சுடுவோமோன்னு பயம். அங்க மாட்டியிருந்த சர்ச் லிஸ்டைப் பார்த்து ஒரு போதகருக்குப் போன் அடிக்கறாரு, அப்படியே ஆள் மாத்தி ஆள் பேசி, அடுத்த நாள் இன்னொரு குடிகார டாக்டரைப் போய் பார்த்துப் பேசிக்கிட்டே இருந்தாரு. அறிவுரை சொல்ற ஆளைத் தேடல பாருங்க, தன்னை மாதிரியே விழுந்த ஆளைத் தேடினாரு.

என் நம்பர் வெளிய வந்தது எப்படின்னு சொல்றேன். ஏழாவது மாசம் ஒரு வியாழக்கிழமை பை வரல. வெள்ளிக்கிழமை முழுக்க மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு, சாயங்காலம் மண்டோர் வீட்டுக்குப் போனேன். காய்ச்சல்ல படுத்திருந்தாரு. பக்கத்துல உக்கார்ந்து, என்ன வந்துச்சோ, அண்ணே நான் ஆறாயிரம் எடுத்துட்டேன்னு சொல்லிட்டேன். ஊருக்கே தெரிஞ்ச விஷயம்தான், ஆனா நான் சொன்னது அன்னைக்குத்தான். "அவ்வளவுதானா, நான் பத்துன்னு நெனச்சேன்"னாரு. சுவத்துல மாட்டியிருந்த காலண்டர்ல பழைய மாசத் தாளைக் கிழிச்சு, பின்பக்கம் 15 பேரையும் எழுதி, யாருக்கு அவசரம், யாரு பொறுப்பாங்கன்னு குறிக்கச் சொன்னாரு. தன் பேரைக் கடைசியில எழுதிக்கிட்டாரு. கட்டி முடிக்க மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு.

இவ்வளவு சொல்லிட்டு ஆபத்தைச் சொல்லாம விட்டா நான் பொய்யன். எல்லாக் கூட்டமும் ஐக்கியம் இல்ல. நான் முன்ன போய்க்கிட்டு இருந்த ஒரு சபையில ஒரு பொண்ணோட குடும்ப விஷயத்தை ஜெப விண்ணப்பம்ங்கற பேர்ல எல்லார் முன்னாடியும் படிச்சாங்க, மறுநாள் காலையில மார்க்கெட்டுல கோழி வெட்டறவர் வரைக்கும் தெரிஞ்சு போச்சு, அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் எந்த சபைக்கும் போகல. இப்ப வாட்சப் குரூப் வேற, கேக்கவே வேணாம். அதனால கூட்டத்துல எழுந்து நின்னு எல்லாத்தையும் கொட்டாதீங்க. யாக்கோபு ஒருத்தருக்கொருத்தர்னுதான் சொல்றாரு, மைக்ல சொல்லுன்னு சொல்லல. ஒரே ஒரு ஆளைப் பிடிங்க. எப்படி ஆளுன்னா, அடுத்தவங்க ரகசியத்தை உங்க கிட்ட வந்து சொல்லாதவரு. தான் விழுந்த கதையைச் சொல்லும்போது கடைசியில தன்னை ஹீரோவா ஆக்கிக்காதவரு. அப்புறம் யோபுவோட கூட்டாளிங்களை ஞாபகம் வச்சுக்கங்க, ஏழு நாள் ராப்பகலா ஒரு வார்த்தை பேசாம தரையில கூட உக்கார்ந்திருந்தாங்க, அது வரைக்கும் தங்கமான மனுஷங்க, வாயைத் திறந்ததும்தான் கெட்டுது. உங்க கிட்டயும் யாராச்சும் வந்து இது எந்தப் பாவத்துக்கு தண்டனைன்னு ஆராய்ச்சி பண்ண ஆரம்பிச்சா, கோப்பி குடிச்சுட்டு கிளம்பிடுங்க. எபிரெயர் 10:25 "சபை கூடிவருதலை" விட்டுடாதேன்னு யாராச்சும் மெசேஜ் அனுப்பியிருப்பாங்களே, எட்டு மாசத்துல பத்து தடவையாச்சும் வந்திருக்கும். அதுக்கு முந்தின வசனத்தை அனுப்பியிருக்க மாட்டாங்க, "ஒருவரையொருவர் கவனித்து"ன்னு இருக்கும் அதுல. ரெண்டும் ஒரே வாக்கியம்.

காசு விஷயத்துல கண்டிப்பா ஒண்ணு சொல்றேன். கலாத்தியர் 6:2 ஒருத்தர் பாரத்தை ஒருத்தர் சுமக்கச் சொல்லுது, மூணு வசனம் தள்ளி 6:5 அவனவன் தன் பாரத்தை அவனே சுமப்பான்னு சொல்லுது. முரண்பாடு மாதிரி தெரியும், நம்ம தமிழ்ல ரெண்டு எடத்துலயும் பாரம்தான், ஆனா மூலத்துல வேற வேற வார்த்தை, முதல்ல இருக்கறது ஆளையே அமுக்கற சுமை, ரெண்டாவது அவனவன் தூக்க வேண்டிய மூட்டை. அவமானம், தனிமை, பயம், இதெல்லாம் முதல் ரகம், அதுக்கு ஆள் வேணும். வாங்கின கடன் ரெண்டாவது ரகம், அதை சபை மேல இறக்காதீங்க. ஐக்கியத்துக்குத் திரும்பின கையோட யார் கிட்டயும் கைமாத்து கேக்காதீங்க, கேட்டா அடுத்த வாரம் உங்களுக்கே அங்க போக மூஞ்சி இருக்காது. பேங்க் லோனுக்கு ஏ.கே.பி.கே.ன்னு ஒண்ணு இருக்கு, 2006ல நாட்டோட மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஆரம்பிச்சது, காசு வாங்காம உக்கார வச்சு கணக்குப் பார்த்து மாசத் தவணையைத் திருப்பி அமைக்க உதவுவாங்க. ஆலோங் கடன்னா, லைசன்ஸ் இல்லாத வட்டிக்காரன் கடன்னா, ஏ.கே.பி.கே. கிட்ட வேலையாகாது, அதுக்குப் போலீஸ் ரிப்போர்ட்தான், அதுக்கும் தனியா போகாதீங்க, யாரையாச்சும் கூட்டிக்கிட்டுப் போங்க.

இன்னொண்ணு, ராத்திரி தூக்கமில்லாம செத்துடலாம்னு எண்ணம் வந்தா அது ஜெபக் குறைவு இல்ல. அந்த விஷயத்துல என் அனுபவம் பத்தாது, நான் உரிமையோட பேசற எடமும் இல்ல. அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய் டாக்டர் கிட்ட உள்ளதைச் சொல்லுங்க, குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். மனக்கஷ்டத்தைப் போன்ல காது குடுத்துக் கேக்கற பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, எந்த நேரமும் எடுப்பாங்க. எங்க வியாழக்கிழமை கூட்டத்துல மாத்திரை சாப்பிடறவங்க இருக்காங்க, அவங்க விசுவாசம் யாருக்கும் கொறைஞ்சது இல்ல.

ஐக்கியத்துக்குப் போனா எல்லாம் சரியாயிடுமான்னு கேட்டா, இல்ல. போயும் எழாதவங்களைப் பார்த்திருக்கேன், போகாமலே எழுந்தவங்களும் இருக்காங்க. திரும்ப வந்த மறுமாசமே கடன் தீந்துச்சுன்னு மேடையில சொல்ற சாட்சியை நான் கணக்குல எடுக்கறதில்ல. எல்லாரும் மன்னிப்பாங்கன்னும் நெனைக்காதீங்க. கொரிந்து சபையில தப்பு பண்ணின ஒருத்தனைப் பத்திப் பவுல் எழுதறாரு, 2 கொரிந்தியர் 2:7, அவன் "அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு" மன்னிச்சு ஆறுதல் சொல்லுங்கன்னு. முதல் நிருபத்துல வர்ற அதே ஆள்தானான்னு அறிஞர்ங்களுக்குள்ள சண்டை இருக்கு, யாரா இருந்தாலும், சபைக்கு எழுதித்தான் மன்னிக்க வைக்க வேண்டியிருந்துச்சு பாருங்க, தானா நடக்கல. மாற்கை ஊழியப் பயணத்துல பாதியில ஓடிப்போனவன்னு பவுலே சேர்த்துக்க மாட்டேன்னாரு, பவுல் கூட ஊழியம் பண்ணின பர்னபாதான் கூட்டிக்கிட்டுப் போனாரு, அதே பவுல் கடைசியில "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா"ன்னு எழுதறதுக்கு எத்தனை வருஷம் ஆச்சோ. எங்க ஊர் அந்தக் கல்யாண வீட்டு அக்கா முழுக் காசும் வாங்கிட்டாங்க, இன்னைக்கு வரைக்கும் என் கிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசறதில்ல. ஒரே வரிசையில திருவிருந்து எடுக்கறோம். அவங்க பேசணும்னு நான் எதிர்பார்க்கறதும் இல்ல, அது அவங்க உரிமை.

கடைசியா, எங்க உக்கார்றதுன்னு கேட்டதுக்கு வர்றேன். ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு முதல்ல போகாதீங்க, அங்க 80 ஜோடி கண்ணு இருக்கும். வாரநாள்ல நடக்கற வீட்டுக் கூட்டமா பார்த்துப் போங்க. அந்த ஒரு ஆளுக்கு மட்டும் மத்தியானமே "இன்னைக்கு வர்றேன்"னு மெசேஜ் போட்டுடுங்க, வேற ஒண்ணும் எழுத வேணாம். பாட்டு ஆரம்பிச்சப்புறம் உள்ள போங்க, எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டோ பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கிட்டோ இருப்பாங்க. சிலிப்பர் கழட்டி வைக்கிற எடத்துக்குப் பக்கத்துல, கதவு ஓரமா, சாயம் போன பிளாஸ்டிக் நாற்காலி ஒண்ணு எல்லா வீட்டுலயும் இருக்கும், பிள்ளை வச்சிருக்கறவங்களும் லேட்டா வர்றவங்களும் உக்கார்ற நாற்காலி, அதுல உக்காருங்க. ஜெபம் பண்ணச் சொன்னா முடியலன்னு தலையாட்டினா போதும். எங்கப்பா இவ்வளவு நாளா காணோம்னு யாராச்சும் கேட்டா, "வரல அக்கா, இன்னைக்கு வந்துட்டேன்"னு சொல்லுங்க, அதுக்கு மேல விளக்கம் குடுக்க வேணாம். முடிஞ்சதும் நாற்காலியெல்லாம் அடுக்க ஆரம்பிச்சிடுங்க, கைக்கு வேலை இருந்தா வாய்க்குக் கஷ்டமில்ல. தட்டுல ஏதாச்சும் வச்சு நீட்டுவாங்க. பசியாறிட்டேன், வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க, வாங்கிக்கங்க.